சரிந்த மருந்துப் பங்கும் உத்திரமேரூர்ச் சேமிப்பும்

உத்திரமேரூரிலிருந்து தென்கிழக்கே கொஞ்ச தூரம் போனால் வேடந்தாங்கல் ஏரி. அந்த ஏரியிலிருந்து நாலு கிலோமீட்டருக்குள், கருங்குழிப் பக்கம், மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு தாதா பார்மசூட்டிகல்ஸ் என்ற சென்னை நிறுவனம் தொடங்கியது அது. 1997-இல் அந்த நிறுவனம் சன் பார்மாவோடு இணைந்தது. மறு ஆண்டு ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது ஆலை அந்த வட்டத்துக்குள் சிக்கிக்கொண்டது. 2020-இல் ஆலை விரிவாக்கத்துக்கு அனுமதி கேட்டதும், சரணாலயத்தின் வட்டத்தை மூன்று கிலோமீட்டராகச் சுருக்கும் யோசனை வந்ததும், அதற்குக் கிளம்பிய எதிர்ப்பும் இந்த வட்டாரத்தில் பலருக்கும் தெரிந்த கதை.

அதே நிறுவனத்தின் பங்குக்கு இன்னொரு கதை உண்டு. 2015 ஏப்ரலில் அதன் விலை சுமார் ₹1,200. 2020 மார்ச்சில் ₹350-ஐ ஒட்டிக் கிடந்தது. மீண்டும் ₹1,200-ஐப் பார்க்க 2023-இன் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாடு முழுக்க டீமேட் கணக்குகள் 2020 மார்ச்சில் சுமார் நாலு கோடி. 2025-இல் அது 19 கோடியைத் தாண்டிவிட்டது. கூடியவர்களில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் நம் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. மருந்துத் துறை மொத்தமாகச் சரியும்போதெல்லாம் அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: ‘இவ்வளவு இறங்கிவிட்டதே, இப்போது வாங்கலாமா?’

கேள்வியில் உள்ள ‘இவ்வளவு இறங்கிவிட்டதே’ என்ற பாதியை முதலில் தள்ளிவைக்க வேண்டும் என்பதே என் கட்சி. காரணம் கணக்கில் இருக்கிறது.

2016-17 நிதியாண்டில் சன் பார்மாவின் நிகர லாபம் சுமார் ₹7,000 கோடி. மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 240 கோடி. ஆக ஒரு பங்குக்கு ₹29 லாபம். 2017 மார்ச் கடைசியில் விலை ₹690 அளவில் இருந்தது. அதாவது ஒரு ரூபாய் லாபத்துக்கு ₹24 கொடுத்து வாங்கினோம். அடுத்த ஆண்டு விலை ₹495-க்கு வந்தது. கால்வாசிக்கு மேல் மலிவு என்று தோன்றும். ஆனால் அந்த ஆண்டு லாபம் சுமார் ₹2,100 கோடிக்குச் சுருங்கிவிட்டது. பங்குக்கு ₹9 கூட இல்லை. இப்போது ஒரு ரூபாய் லாபத்துக்குக் கொடுத்த விலை ஐம்பத்தைந்து ரூபாய்க்கும் மேல்! அமெரிக்க வழக்கு ஒன்றைத் தீர்க்க ஒதுக்கிய சுமார் ₹950 கோடியை ஒரு தடவைச் செலவு என்று ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஏறத்தாழ 39 ரூபாய் வரும். விலைப்பட்டியலில் பங்கு இறங்கியிருந்தது. லாபத்தோடு ஒட்டிப் பார்த்தால் ஏறியிருந்தது. சரிவில் வாங்கியவர்கள் உண்மையில் முன்னைவிட விலை கூட்டிக் கொடுத்தார்கள்.

லாபம் ஏன் இப்படிக் கரைந்தது? 2015 முதல் 2020 வரையிலான ஐந்து ஆண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடி விழுந்தது. இந்திய மருந்து ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. காப்புரிமை முடிந்த மருந்துகளை, அதாவது ஜெனரிக் மருந்துகளை, அங்கே வாங்குகிறவர்கள் ஆயிரம் பேர் அல்ல. மருந்துக்கடைச் சங்கிலிகளும் மொத்த வியாபாரிகளும் கூட்டுச் சேர்ந்து, கடைசியில் மூன்று பெரிய கொள்முதல் குழுக்களின் கையில் சந்தையின் பெரும்பகுதி போனது. விற்பவர் இருபது பேர், வாங்குபவர் மூன்று பேர் என்றால் விலையை யார் சொல்வார்கள் என்பது கமிட்டிக்கு நெல் கொண்டுபோன யாருக்கும் தெரியும். இரண்டாவது, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஜெனரிக் மருந்துகளுக்கான அனுமதியை வேகப்படுத்தியது. ஒவ்வொரு மருந்துக்கும் போட்டியாளர்கள் பெருகினார்கள். விலை இன்னும் விழுந்தது. மூன்றாவது, அதே எஃப்.டி.ஏ. இந்திய ஆலைகளைக் கடுமையாகச் சோதிக்கத் தொடங்கியது.

இந்தச் சோதனையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பங்கு விலையை ஒரே நாளில் பத்து இருபது சதவீதம் இறக்குவது பெரும்பாலும் இதுதான். ஆய்வாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும்போது குறைகளை எழுதிக் கொடுக்கும் தாளுக்குப் படிவம் 483 என்று பெயர். 2014 ஜனவரியில் பஞ்சாபின் தோன்சாவில் இருந்த ரான்பாக்ஸி ஆலையில், மாதிரி தயாரிக்கும் அறையில் எண்ண முடியாத அளவுக்கு ஈக்கள் இருந்ததையும், சோதனையில் தேறாத சரக்கைத் தேறும் வரை திரும்பத் திரும்பச் சோதித்ததையும் அவர்கள் பதிவு செய்தார்கள். முதல் குறை பினாயிலும் வலையும் போட்டால் தீரும். இரண்டாவது குறை அப்படித் தீராது. அது பழக்கத்தில் ஊறிய பொய். அந்த ஆலையின் சரக்கு அமெரிக்காவுக்குள் வர அதே மாதம் தடை விழுந்தது. இந்த ரான்பாக்ஸியைத்தான் சுமார் 400 கோடி டாலர் மதிப்பில், கடனையும் சேர்த்து, சன் பார்மா வாங்கிக்கொண்டது. இணைப்பு 2015 மார்ச்சில் முடிந்தது. பங்கு உச்சம் தொட்டது அடுத்த மாதம். அந்த ஆண்டு டிசம்பரில் சன் பார்மாவின் சொந்த ஹாலோல் ஆலைக்கே எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

படிவம் 483, எச்சரிக்கைக் கடிதம், இறக்குமதித் தடை என்பவை மூன்று படிகள். முதல் படியில் நிறுவனத்துக்குப் பதில் சொல்ல 15 வேலை நாள் உண்டு. பல குறைகள் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் தொலைக்காட்சியின் அடிப்பட்டியில் மூன்றும் ஒரே சிவப்பில்தான் ஓடுகின்றன. செய்தி வந்த அன்று விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அது எந்தப் படி என்று தெரிந்திருப்பதில்லை. கடிதங்களும் தடைப் பட்டியலும் எஃப்.டி.ஏ. இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. எல்லாம் ஆங்கிலத்தில் என்பது நமக்கு ஒரு தடைதான். ஆனால் தோன்சா படிவத்தைப் புரிந்துகொள்ள மருந்தியல் பட்டம் தேவையில்லை.

திவிஸ் லேபரட்டரீஸ் என்ற ஹைதராபாத் நிறுவனத்தின் கதை, வாங்கியவர்கள் ஜெயித்த கதை. 2017 மார்ச்சில் அதன் விசாகப்பட்டினம் ஆலைக்கு இறக்குமதித் தடை விழுந்தது. பங்கு ₹600-க்குக் கீழே போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் தடையும் எச்சரிக்கைக் கடிதமும் விலக்கப்பட்டன. 2021-இல் விலை ₹5,000-ஐத் தாண்டியது. இதைக் காட்டித்தான் ‘பயத்தில் வாங்கு’ என்று பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் விட்டுவிடுவது ஒன்று உண்டு. திவிஸுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான கடன் கிடையாது. அதன் வாடிக்கையாளர்கள் பெரிய பன்னாட்டு மருந்து நிறுவனங்கள். மூலப்பொருளுக்கு அவர்கள் சட்டென்று வேறு ஆலை தேட முடியாது. அடிபட்டது ஓர் ஆலை. வியாபாரம் அப்படியே இருந்தது. வட்டி கட்ட வேண்டிய நெருக்கடி இல்லாததால் குறைகளைச் சரிசெய்யும் அவகாசமும் இருந்தது.

கடன் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் போக வேண்டாம். திருப்போரூரை அடுத்த ஆலத்தூரும் மாவட்டம் பிரிவதற்கு முன் காஞ்சிபுரம்தான். அங்கே ஆலை வைத்திருந்த ஆர்க்கிட் கெமிக்கல்ஸ், 1990-களில் கே. ராகவேந்திர ராவ் தொடங்கிய நிறுவனம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளில் பெயர் வாங்கியது. வளர்ச்சிக்காக வெளிநாட்டுக் கடன் பத்திரங்கள் உட்படப் பெரும் கடன் வாங்கியது. 2008 மார்ச் 17 அன்று, அமெரிக்காவில் பேர் ஸ்டெர்ன்ஸ் வங்கி கவிழ்ந்த செய்தியோடு, ஆர்க்கிட் பங்கு ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. ஆலையில் அன்று எந்த விபத்தும் இல்லை. எஃப்.டி.ஏ. கடிதமும் இல்லை. நிறுவனர் தரப்பு தங்கள் பங்குகளில் ஒரு பகுதியை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தது. விலை சரிந்ததும் கடன் கொடுத்தவர்கள் அந்தப் பங்குகளைச் சந்தையில் விற்றுத் தங்கள் காசை எடுத்துக்கொண்டார்கள். விற்க விற்க விலை இன்னும் சரிந்தது.

அன்று ‘பயத்தில் வாங்கிய’ ஒருவருக்கு 2010 நல்ல ஆண்டாக அமைந்தது. ஊசி மருந்துப் பிரிவை அமெரிக்க ஹாஸ்பிராவுக்கு 40 கோடி டாலருக்கு விற்ற பிறகு விலை நன்றாக ஏறியது. அப்போது விற்றவர்கள் தப்பித்தார்கள். வைத்திருந்தவர்கள் கதி வேறு. நல்ல பிரிவை விற்றும் கடன் தீரவில்லை. 2017-இல் நிறுவனம் திவால் தீர்ப்பாயத்துக்குப் போனது. இறுதியில் தனுகா லேபரட்டரீஸ் எடுத்துக்கொண்டபோது பழைய பங்குதாரர்களுக்கு இருநூற்றுக்கும் மேற்பட்ட பங்குகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் மிஞ்சியது. ஆயிரம் பங்கு வைத்திருந்தவர் கையில் ஐந்துகூட இல்லை. 2020 நவம்பரில் ₹18-க்கு மீண்டும் பட்டியலான அதே பங்கு சில மாதங்களில் ₹1,000-ஐத் தாண்டிப் பாய்ந்ததைச் செய்தியாக்கிக் கொண்டாடினார்கள். பொதுமக்கள் கையில் விற்கவே பங்கு இல்லாததால் ஏறிய விலை அது. ₹2,000-க்கே விற்றாலும் பழைய ஆயிரம் பங்குக்காரருக்குப் பத்தாயிரம் ரூபாய் தேறியிருக்காது.

சத்யம் மோசடிக்குப் பிறகு, 2009 ஜனவரியிலிருந்து நிறுவனர் தரப்பு அடமானம் வைத்த பங்குகளை வெளியிட வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது. இப்போது காலாண்டுக்கு ஒருமுறை வெளியாகும் பங்குடைமைப் பட்டியலில் ஒரு பத்தி அதற்கென்றே இருக்கிறது. சரிவு நேரத்தில் நான் முதலில் பார்ப்பது அந்தப் பத்தியைத்தான். லாப நட்டக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

மருத்துவமனைப் பங்குகளின் சரிவுக்குக் காரணம் வேறு. அதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கு அரசு உச்சவரம்பு வைத்தது. லட்சத்தைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் ₹29,600-க்கு வந்தது. 2024 பிப்ரவரியில், தனியார் மருத்துவமனைக் கட்டணங்களுக்கு ஒரே அளவு நிர்ணயிப்பது பற்றி உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டதுமே மருத்துவமனைப் பங்குகள் சரிந்தன. பிறகு அவை மீண்டு ஏறின. ஆனால் அரசும் நீதிமன்றமும் எந்த நாளும் இந்தத் துறையின் விலைப்பட்டியலைக் கையில் எடுக்கலாம் என்பது மாறவில்லை. நம்மைப் போன்றவர்கள் இதில் இரண்டு பக்கமும் நிற்கிறோம். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்கும்போது உச்சவரம்பு வரம். டீமேட் கணக்கைத் திறக்கும்போது அதுவே சாபம். எனக்கு இதில் குழப்பமில்லை. ஸ்டென்ட் விலை இறங்கியதுதான் நல்லது. ஆனால் அந்த நல்லதுக்கு வாக்குப் போடுகிற ஊரில் இருந்துகொண்டு, கட்டணம் ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையில் பணத்தைப் போடுவது பொருந்தாது.

2025-இல் வந்த பெரிய பயம் அமெரிக்க இறக்குமதி வரி. 2025 செப்டம்பர் 25 அன்று அதிபர் டிரம்ப், பிராண்டு பெயருள்ள அல்லது காப்புரிமை உள்ள மருந்துகளுக்கு 100 சதவீத வரி என்று அறிவித்தார். அமெரிக்காவில் ஆலை கட்டும் நிறுவனங்களுக்கு விலக்கு என்றார். மறுநாள் இந்திய மருந்துப் பங்குகள் எல்லாமே சேர்ந்து இறங்கின. அறிவிப்பைப் படித்தால் ஜெனரிக் மருந்துகள் அதில் இல்லை. இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் விற்பதோ ஜெனரிக். அப்படியானால் சும்மா பயந்தார்களா என்றால், அதுவும் முழுக்கச் சரியல்ல. சன் பார்மா 2015-20 சரிவிலிருந்து மீண்டதே ஜெனரிக்கை மட்டும் நம்பாமல், சொரியாசிஸுக்கான இலுமியா போன்ற காப்புரிமை மருந்துகளுக்கு மாறியதால்தான். அந்த வகை மருந்துகளின் விற்பனை இப்போது ஆண்டுக்கு நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. முன்பு காப்பாற்றிய அதே வியாபாரம் இந்த முறை வரியின் நேர்ப்பாதையில் நின்றது. ஆக, ஒரு செய்தியில் துறை முழுதும் விழுந்தாலும் அடி எல்லோருக்கும் சமமாக விழுவதில்லை. யாருடைய வருமானத்தில் எத்தனை பங்கு அமெரிக்கா, அதில் எத்தனை பங்கு காப்புரிமை மருந்து என்று ஆண்டறிக்கையில் பார்த்தவருக்கு மட்டுமே சரிவு ஒரு வாய்ப்பு. மற்றவர்களுக்கு அது இறங்குகிற விலை, அவ்வளவுதான்.

கணக்குக் கேட்பது நம் ஊருக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் என்றால் குடவோலை என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளில், 919, 921-ஆம் ஆண்டுகளுக்கு உரியவற்றில், தேர்தல் முறையைவிட எனக்குப் பிடித்தது தகுதியின்மைப் பட்டியல். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது. அவருடைய உறவினர்களும் கூடாது. ஏரி வாரியத்துக்கு விதித்த இந்தக் கண்டிப்பில் பத்தில் ஒரு பங்கையாவது நம் சேமிப்பைக் கையாள்பவர்களிடம் காட்டியிருந்தால், மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று ஆசைகாட்டிய ஆருத்ரா கோல்டு நிறுவனத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடமிருந்து ₹2,400 கோடிக்கு மேல் போயிருக்காது. காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, வேலூர்ப் பக்கம் அதில் அடிபடாத தெரு குறைவு. பங்குச்சந்தை ஆருத்ரா அல்ல. அங்கே கணக்குக் காட்டுகிறார்கள். காட்டிய கணக்கைப் பார்க்காமல் வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுத்து, போடப்போகும் பணம் எப்படிப்பட்டது என்ற கேள்வி. இதைச் சந்தை நிபுணர்கள் பேசுவதில்லை. அவர்களுக்கு எல்லாப் பணமும் ஒரே பணம். சம்பா அறுவடை முடிந்து கையில் நிற்கும் பணத்துக்கு அடுத்த நடவு வரைதான் ஆயுள். ஜூனில் கல்லூரிக் கட்டணம், தையில் தங்கையின் கல்யாணம், கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் திருப்ப வேண்டிய தேதி என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு நாள் குறித்திருக்கிறது. 2016 நடுவில் சன் பார்மா பங்கு உச்சத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கி ₹800-க்குக் கிடைத்தது. நல்ல தள்ளுபடி என்று வாங்கியவர் போட்ட பணத்தைத் திரும்பப் பார்க்க ஐந்து ஆண்டுக்கு மேல் ஆனது. இடையில் பாதிக்கு மேல் கரைந்ததையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். 2015 ஏப்ரலில் சவரன் சுமார் ₹20,000. 2020 மார்ச்சில் ₹30,000-ஐத் தாண்டியிருந்தது. சன் பார்மா எழுபது சதவீதம் விழுந்த அதே காலத்தில் பீரோவில் இருந்த வளையல் ஒன்றரை மடங்கானது. தங்கம்தான் சிறந்த முதலீடு என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. சில மாதங்களிலேயே மருந்துப் பங்குகள் திரும்பி ஏறின. 2020-இல் நிஃப்டி பார்மா குறியீடு ஏறத்தாழ அறுபது சதவீதம் ஏறியது. ஆனால் அந்த ஏற்றத்தைப் பிடித்தவர்கள் ஐந்து ஆண்டு நட்டத்தை வெளியே சொல்லாமல் தாங்கியவர்களும், கொரோனாவின் முதல் மாதங்களில் சம்பளம் நிற்காதவர்களும்தான். ஊரடங்கில் வேலை போய் வீடு திரும்பிய ஒப்பந்தத் தொழிலாளி அந்த மார்ச்சில் வாங்கவில்லை, இருந்ததையும் விற்றார். சந்தை மிகவும் மலிவாக இருக்கும் நாளும் நம் வீட்டில் காசு மிகவும் தட்டுப்பாடாக இருக்கும் நாளும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன.

‘ஆவரேஜ் பண்ணுவது’ என்று ஒரு பழக்கம் உண்டு. ₹800-க்கு வாங்கியது ₹600-க்கு வந்தால் இன்னும் கொஞ்சம், ₹500-க்கு வந்தால் இன்னும் கொஞ்சம் என்று சராசரி விலையை இறக்கிக்கொண்டே போவது. குறியீட்டை ஒட்டிய ஃபண்டில் இது கெட்ட வழி அல்ல. ஒரு துறை மொத்தமாக அழிந்துபோவது அரிது. தனி நிறுவனத்தில் இதைச் செய்தால் ஆர்க்கிட் போன்ற ஒன்றில் முழுச் சேமிப்பும் போய்ச் சேரும். விழுந்துகொண்டே இருக்கும் பங்கில்தான் ஆவரேஜ் பண்ண வாய்ப்பு அதிகம் கிடைக்கிறது என்பதால், மோசமான நிறுவனத்தில்தான் நம் பணம் அதிகம் சேர்கிறது.

அப்படியானால் வாங்கலாமா? ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணம் என்றால் வேண்டாம், எவ்வளவு இறங்கியிருந்தாலும். வீட்டில் எல்லோருக்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ வேறு மருத்துவக் காப்பீடோ இல்லையென்றால், மருத்துவப் பங்குக்கு முன் மருத்துவக் காப்பீடு. இந்த இரண்டையும் தாண்டி மிஞ்சுகிற பணம் இருந்தால், மொத்தப் பங்கு முதலீட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், ஒரே நாளில் கொட்டாமல் ஓர் ஆண்டுக்குப் பிரித்து, துறைக் குறியீட்டை ஒட்டிய ஃபண்டில் போடலாம். பத்தில் ஒன்று என்பது எந்தச் சூத்திரமும் சொன்னது அல்ல, என் கணிப்பு. தனி நிறுவனப் பங்குதான் வேண்டும் என்பவர்கள் வாங்கும் பொத்தானை அழுத்துமுன் அந்த நிறுவனத்தின் அடமானப் பத்தி, கடன், கடைசி மூன்று ஆண்டு லாபம், எஃப்.டி.ஏ. கடிதம் ஆகியவற்றை ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் கல்லூரி படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாலை கிடைக்கவில்லையென்றால் அந்தப் பங்கை வாங்காதீர்கள்.